அந்த வாட்டர் கலர் படங்களைப் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

உன்னோடு வேலை செய்யும் பெண் ஹிட்லரின் வாட்டர் கலர் படங்களைக் காட்டி, "நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டதும் உனக்குப் பேச்சே வரவில்லை என்று எழுதியிருந்தாய். ஆமாம் என்றால் பாவம், இல்லை என்றால் பொய் என்று தவித்திருக்கிறாய். தவிக்க வேண்டாம் அம்மா. படத்தைப் படமாகவே பார்த்துச் சொல்லலாம்.

பழகிய கைதான். 1912-இல் வரைந்த வியன்னா ஆபெரா கட்டடம், 1914-இல் வரைந்த மியூனிக் பழைய அரண்மனை முற்றம், இரண்டிலும் சுவரும் சன்னலும் வளைவும் பொறுமையாக வந்திருக்கின்றன. என் ஓவிய வகுப்பில் ஒரு பையன் இப்படிப் போட்டிருந்தால் நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டு, "இனி தெருவில் உட்கார்ந்து நேரில் பார்த்து வரை" என்று அனுப்பியிருப்பேன். வியன்னாவில் அவன் போட்டவை பெரும்பாலும் பழைய அச்சுப் படங்களையும் தபால் அட்டைகளையும் பார்த்து எடுத்தவை. வெயில் எப்படி விழுந்தது, அன்றைக்கு அந்த இடம் எப்படி இருந்தது, எதுவும் அவற்றில் கிடையாது. ஆட்கள் முளைக்குச்சி நட்டதுபோல நிற்கிறார்கள். சுற்றுலா வந்தவருக்கு விற்கும் அளவுக்குத் திறமை உண்டு. அதற்கு மேல் நான் எதையும் காணவில்லை.

1907-இல் அவன் சேரக் கேட்டுப் போனபோது வியன்னா நுண்கலைக் கழகம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். தேர்வில் வரைந்த சித்திரம் போதாது, மனிதத் தலைகள் குறைவு என்று குறித்து வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்த தேர்வில் 28 பேரைத்தான் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவனைத் தேர்வுக்கே அனுமதிக்கவில்லை. புதுமை பிடித்த ஆசிரியர்கள் பழைய பாணிக்காரனைத் துரத்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதே கழகம் 1906-இல் பதினாறு வயது எகோன் ஷீலேயை, பின்னாளில் புதுப் பாணி ஓவியனாகப் பெயர் பெற்றவனை, சேர்த்துக்கொண்டது. அங்கிருந்த பழமை தாங்காமல் 1909-இல் வெளியேறியவன் ஷீலே.

"அன்றைக்கு இடம் கொடுத்திருந்தால் உலகப் போரே வந்திருக்காது" என்கிறார்களே, அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதேயில்லை. தேர்வில் தோற்றவர்கள் எத்தனையோ பேர். வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்த்தார்கள். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற பழியை, ஒரு பேப்பரை நேர்மையாகத் திருத்தியவர்கள் தலையில் வைப்பது அநியாயம். மனிதரை வரையத் தெரியாதவன், அதனால்தான் மனிதரைக் கொன்றான் என்பதும் எனக்கு ஒப்பாது. ஆளே இல்லாத நிலக்காட்சி வரைந்த அன்பானவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். கொலைகாரனின் மனத்தை அந்தச் சன்னல்களில் தேடினால் கிடைக்காது.

அவன் கலைக்குச் செய்தது என்ன என்று தெரிய வேண்டுமானால், நீ இருக்கும் மியூனிக்கில் 1937 ஜூலையில் நடந்ததைப் பார். ஜெர்மன் கலை மாளிகையைத் திறந்து வைத்துப் பேசும்போது, புல்வெளியை நீலமாகவும் வானத்தைப் பச்சையாகவும் தீட்டுகிறவர்களை மிரட்டினான். நிஜமாகவே அப்படித் தெரிந்தால் அது பரம்பரைக் கண்கோளாறா என்று உள்துறை விசாரிக்க வேண்டும், பாசாங்கு என்றால் குற்றவியல் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றான். மறுநாளே 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து, அருங்காட்சியகங்களிலிருந்து பிடுங்கிய சுமார் 650 படைப்புகளைக் கேலிக்கு மாட்டினார்கள். வானத்துக்குப் பச்சை அடிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருந்தார்கள். நீயும் அடித்திருக்கிறாய். அந்தப் பேச்சை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொருவரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சாமுவேல் மார்கன்ஸ்டர்ன், வியன்னாவில் படச்சட்டக் கடை வைத்திருந்த யூதர். வேலையில்லாமல் ஆண்கள் விடுதியில் கிடந்த ஹிட்லரிடம் படங்களை வாங்கி விற்றுக் கொடுத்தவர். 1938-இல் நாஜிகள் அவர் கடையைப் பறித்தார்கள். 1939-இல் உதவி கேட்டு ஹிட்லருக்கே கடிதம் எழுதினார். அது அவனைச் சென்று சேரவில்லை. போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவுக்கு அனுப்பப்பட்டு 1943-இல் இறந்தார்.

2014-இல் நியூரம்பர்க்கில் அவனுடைய ஒரு வாட்டர் கலர் 1,30,000 யூரோவுக்குப் போனது. அது கையெழுத்துக்குக் கொடுத்த விலை. போலிகளும் ஏராளமாகப் புழங்குகின்றன. அந்தப் பெண்ணிடம் தயங்காமல் சொல்: "சுமாரான படம், வரைந்தவன் கொலைகாரன்." ஒன்றைச் சொல்ல மற்றதைக் குறைக்கத் தேவையில்லை.

விடுமுறை கிடைத்தால் ப்ராக் போய் வா. அங்கே பின்காஸ் என்ற யூதத் தொழுகைக்கூடத்தில், நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைபட்ட குழந்தைகளின் சித்திரங்கள் இருக்கின்றன. வியன்னாவில் பிறந்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் அவர்களுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தார், ஒவ்வொரு படத்திலும் பெயர் எழுத வைத்தார். 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைத்த சுமார் 4,500 படங்கள் பிழைத்தன. ஓவியம் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் அவரை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. பார்த்துவிட்டு, எந்தப் படம் உனக்குப் பிடித்தது, அதில் வண்ணம் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா