கல்கத்தா ஐந்தே எழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் எடுத்த, வானியலாளர் ஜோன் ஹெர்ஷலின் படத்தைப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். கீழே ஒரு வரி: "அக்காலக் கெமராக்கள் தரம் குறைந்தவை என்பதால் படம் மங்கலாக உள்ளது." யார் எழுதியது என்று கேட்கமாட்டேன். படித்தவராகத்தான் இருப்பார்.

1840களில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த டாகெரோடைப் படங்களில் தாடி மயிரை எண்ணலாம் என்பது தாங்கள் அறியாததல்ல. ஹெர்ஷல் படம் 1867. அம்மையார் ஒரு பக்க வெளிச்சத்தை மட்டும் விட்டு, ஆளை நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வைத்தவர். ஃபோக்கஸ் திருகும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவேன் என்று அவரே எழுதியிருக்கிறார். முதல் லென்சுக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1866இல் வேறு லென்ஸ் வந்த பிறகும் கை அங்கேயேதான் நின்றது. லண்டன் புகைப்படச் சங்கத்து ஆட்கள் அவருக்கு வேலை தெரியாது என்றார்கள். அதே பாட்டைத்தான் நீங்களும் பாடுகிறீர்கள்.

நான் ஹட்டன் பக்கம் 31 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். கலியாணப் பெண்களின் முகம் மென்மையாக விழ, லென்சில் நைலோன் ஸ்டொக்கிங் கட்டி எடுத்திருக்கிறேன். கொழுந்து பறிக்கும் வயசான அம்மா ஒருவரை ஜன்னல் வெளிச்சத்தில், பாதி முகம் இருட்டில் இருக்க எடுத்து கொழும்பில் ஒரு போட்டிக்கு அனுப்பினேன். பின்பக்கம் "ஃபோக்கஸ் இல்லை" என்று பென்சிலில் எழுதித் திரும்பி வந்தது. அந்த அம்மாவின் மகனும் காசு தரவில்லை. "எங்கம்மாவுக்கு ஒரு காதுதானா?" என்று கேட்டார். அதன்பிறகு எல்லாருக்கும் இரண்டு பக்கமும் லைட் போட்டேன். மிச்சமிருந்த மூக்கு நிழலையும் நெகடிவில் டச்சிங் செய்து அழித்தேன். ஒருவரும் குறை சொல்லவில்லை.

அதே இதழின் 9ஆம் பக்கத்தில், பின்னணியை மங்கலாக்கித் தரும் புது ஃபோனுக்கு அரைப்பக்கப் புகழ்ச்சி. அது தரம் குறைந்த கெமரா இல்லையாக்கும்!

உங்கள் கணக்கில் கெமரன் அம்மையார் இங்கிலாந்தில் பிறந்தவராம். 1815இல் பிறந்தது கல்கத்தாவில். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்து, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமானவர். உங்கள் நிருபர் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம்.

இடமில்லை என்பீர்கள். 2019இல் நான் எழுதிய கடிதத்துக்கும் அதுதான் பதில். மங்கலை விடுங்கள், பிறந்த ஊரையாவது திருத்திப் போடுங்கள். கல்கத்தா ஐந்தே எழுத்து.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்