வந்தாறுமூலை வளாகத்தின் மாலை உரைகளுக்கும் கூத்துக்கும் உதவுங்கள்: பழைய மாணவர் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

மதிப்புக்குரிய பழைய மாணவர்களுக்கும், பெற்றோருக்கும், ஊரவர்களுக்கும் வணக்கம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில், விரிவுரைகள் முடிந்த பிறகு மாணவர்களுக்காக உரைகளும் கலை நிகழ்வுகளும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று விரும்பிக் கூடியவர்கள் நாங்கள். ஒரு கல்வியாண்டில் பத்து மாலை உரைகள் நடக்க வேண்டும். அதே ஆண்டில் மட்டக்களப்புக் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடியில் ஒரு கூத்தை, பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுக்கும் சட்டங்கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை முறைப்படி மாணவர்களே பழகி ஆட வேண்டும். இரண்டுக்குமாக ரூபா 14 இலட்சம் தேவைப்படுகிறது. அதைத் திரட்டித் தரும்படி உங்களிடம் கேட்கிறோம்.

எங்களில் மூத்தவர்கள் இந்த இடத்தை இன்றைக்கும் பழக்கத்தில் 'யூனிவேர்சிற்றி கொலேஜ்' என்றுதான் சொல்வார்கள். 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் கட்டடங்களில், பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக இது ஆரம்பமானது. விஞ்ஞானமும் விவசாயமும் மட்டுமே அப்போதிருந்த பீடங்கள். 1978 நவம்பர் சூறாவளி மாவட்டத்தையே புரட்டிப் போட்டு மூன்று வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமானது. 1990இல் இதே வளாகம் அகதி முகாமாக இருந்தது. அந்த நாட்களில் இங்கே நடந்தவற்றை மட்டக்களப்பார் யாரும் மறக்கவில்லை. அத்தனைக்குப் பிறகும் விரிவுரை மண்டபங்கள் திரும்பத் திறந்தன, பரீட்சைகள் நடந்தன, பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள். மாலை நேரங்கள்தான் இன்னும் சரியாகத் திரும்பி வரவில்லை.

இந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வேண்டுகோளின் காரணமே அதில்தான் இருக்கிறது. 1956இல் பேராதனையில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மக்களின் பழைய நாடக வடிவத்தை எடுத்து 'மனமே'யை உருவாக்கினார். தமிழ்க் கூத்தையும் அப்படி ஒரு மதிப்பான இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்று பேராதனையில் தமிழ் படிப்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம்பினார். கிராமம் கிராமமாகப் போய்க் கூத்துப் பார்த்தார், கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடினார். 1962இல் பேராதனை மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' மேடையேறியது. தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று வந்தன. விடிய விடிய வட்டக்களரி என்ற வட்டமான திறந்த அரங்கில் ஆடும் கூத்து, நகரத்து மேடையில் ஓரிரு மணி நேரத்துக்குள் ஆடும்படி சுருக்கிச் செப்பனிடப்பட்டது. சிங்கள ரசிகர்களும் வந்து பார்த்தார்கள். கூத்தைப் பாமரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்த படித்த தமிழர்களும் அதற்குப் பிறகுதான் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பேராதனை மாணவர்களுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார்.

அன்று மட்டக்களப்பில் பல்கலைக்கழகம் இல்லை. அதனால் வந்தாறுமூலையின் அண்ணாவியார் மலைநாட்டுக்குப் போய்ப் பழக்க வேண்டியிருந்தது. இன்று பல்கலைக்கழகமே அவருடைய ஊரில் இருக்கிறது. அப்படியிருந்தும், இங்கே நான்கு வருடம் படித்து, ஒரு கூத்தைக்கூட முழுதாகப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இது எங்களுக்கு உண்மையான வேதனை. நுண்கலைத் துறையில் பேராசிரியர் சி. மௌனகுரு போன்றவர்கள் கூத்துக்காகச் செய்த பணி பெரியது. அவர் பேராதனையில் மாணவராக இருந்தபோது 'இராவணேசன்' ஆடியவர், பிறகு இங்கே வந்து பிள்ளைகளுக்குப் பழக்கியவர். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசையையும் நடனத்தையும் நாடகத்தையும் பாடமாகவே படிக்கிறார்கள். அது நல்லபடி நடக்கட்டும். நாங்கள் நினைப்பது தாவரவியலும் கணக்கியலும் மண்ணியலும் படிக்கிற பிள்ளைகளை. கலை அவர்களுடைய பாடத்திட்டத்தில் இல்லை. மாலையில் கிடைத்தால்தான் உண்டு.

விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்குக் கூத்து எதற்கு, பாட்டு எதற்கு என்று கேட்கிற பெற்றோருக்கு ஒருவருடைய பெயரைச் சொல்கிறோம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். விஞ்ஞானம் படிப்பித்தவர், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். வழக்கொழிந்துபோன யாழ்களின் சுருதிகளை அவர் கணக்குப் போட்டு மீட்டெடுத்ததற்கு, தமிழறிவோடு இந்த விஞ்ஞானப் படிப்பும் கைகொடுத்தது. 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' அந்த உழைப்பின் பயன். மட்டக்களப்பு மண்ணில் இரண்டையும் ஒருவர் சேர்த்துப் படிப்பது புதிய விஷயமல்ல.

வளாகத்தின் மாலைகள் எப்படி இருக்கின்றன என்பதை இன்றைய மாணவர்களே எங்களிடம் சொன்னார்கள். விரிவுரை முடிந்ததும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்துப் போய்விடுகிறார்கள். வவுனியா, மன்னார், நுவரெலியா, குருணாகல் என்று தூரத்திலிருந்து வந்தவர்கள் விடுதி அறைகளில் கைத்தொலைபேசியோடு இருக்கிறார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் நின்று பரிசோதனை செய்கிறார்கள், மாலையானதும் வேறு வேறு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒன்றாக உட்கார்ந்து ஒரு விஷயத்தைக் கேட்பதற்கும், அதைப் பற்றி விவாதிப்பதற்கும், ஒன்றாக ஆடுவதற்கும் ஓரிடம் வேண்டும். விரிவுரையாளர்கள் சிலர் தம் கைக்காசைப் போட்டு இடைக்கிடை ஏதாவது செய்கிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பயணச் செலவும் அச்சுச் செலவும் ஏறிய ஏற்றத்தில் அவர்களாலும் தாங்க முடியவில்லை.

மாலை உரைகளுக்கு மாணவர்கள் தந்த தலைப்புகள் எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. விலங்கியல் பிள்ளைகள் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைக் கேட்டிருக்கிறார்கள். நிலாக் காலத்து இரவுகளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியிலிருந்து கேட்கும் அந்த ஓசையை 1950களில் இயேசு சபையைச் சேர்ந்த லாங் அடிகளார் ஒலிப்பதிவு செய்தார். ஓசை எழுப்புவது மீனா, ஊரி என்கிற நத்தை வகையா, வேறேதுமா என்று இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு கடல் உயிரியல் ஆய்வாளரையும் வாவியில் வலை போடுகிற ஒரு பெரியவரையும் ஒரே மாலையில் பேச வைக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். விவசாயப் பீடத்தார் 1978 சூறாவளியைக் கேட்டார்கள்: தென்னையும் வயலும் எப்படி மீண்டன, எது மீளவேயில்லை என்பதை அனுபவித்தவர்களின் வாயால் கேட்க வேண்டுமாம். அந்தத் தலைமுறை வயதாகிப் போகிறது, இதை இனியும் தள்ளிப்போட முடியாது. கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு, முஸ்லிம் ஊர்களின் பொல்லடி என்ற கோலாட்டமும் நாட்டார் கவியும், மலையகத் தோட்டங்களின் காமன் கூத்து என்று மற்றத் தலைப்புகள் போகின்றன. காமன் கூத்தைக் கேட்டவர் ஒரு மலையக மாணவி. தன் தோட்டத்தில் மாசி மாதத்தில் ஆடுவதை இங்கே தன் கூட்டாளிமாருக்குக் காட்ட வேண்டும் என்றார். சிங்களப் பிள்ளைகளுக்காக ஒவ்வோர் உரைக்கும் சுருக்கமான மொழிபெயர்ப்பு இருக்கும்.

இனிக் கூத்து. இதுதான் பெரிய செலவு, எங்கள் மனமும் இதில்தான் அதிகம் இருக்கிறது. பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் ஆடிக் காட்டிவிட்டுப் போகும் நிகழ்ச்சியாக இதை வைக்க வேண்டாம் என்று குழுவில் முடிவெடுத்தோம். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஊரில் எப்படித் தொடங்குவார்களோ அப்படியே தொடங்க வேண்டும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் குரலையும் காலையும் பார்த்துத் தீர்மானித்துச் சட்டங்கொடுப்பார். பிறகு வாரந்தோறும் கிழமைக்கூத்து. மத்தளமும் சல்லரியும் வளாகத்துக்குள் வாரத்துக்கு இரண்டு இரவாவது கேட்கும். தாளக்கட்டு காலில் ஏறிய பிறகு சதங்கை அணிதல், கடைசியில் அரங்கேற்றம். விஞ்ஞானப் பீடத்துப் பிள்ளை ஒருவன் தருமனாக வரலாம், முகாமைத்துவம் படிக்கிற பிள்ளை ஒருத்தி திரௌபதையாக வரலாம். அரங்கேற்றம் வளாகத்துத் திறந்த வெளியில் வட்டக்களரி போட்டு நடக்கும், ஊர்ச் சனம் அத்தனை பேருக்கும் அழைப்பு உண்டு. மாணவர்கள் அண்ணாவிமாரின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்வார்கள், வீடுகளில் கரையான் அரிக்கும் கூத்துக் கொப்பிகளைப் படமெடுத்துப் பாதுகாப்பார்கள்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பத்து உரைகளுக்கு 4 இலட்சம். பேச்சாளரின் பயணம், ஒரு நாள் தங்குமிடம், சன்மானம், ஒலிபெருக்கி, பிள்ளைகளுக்குத் தேநீர் எல்லாம் அதற்குள் அடங்கும். கூத்துக்கு 8 இலட்சம். ஒலிப்பதிவுக்கும் ஆண்டிறுதி மலர் அச்சிடவும் 2 இலட்சம்.

கூத்துக்கான 8 இலட்சத்தில் பாதிக்கு மேல் அண்ணாவியாருக்கும், மத்தளக்காரருக்கும், ஏடு பார்த்துப் பாட்டை எடுத்துக் கொடுப்பவருக்கும், பக்கப்பாட்டுக்காரருக்கும் போகிறது. குழுவுக்குள்ளேயே சிலர் இது அதிகம் என்றார்கள். அதிகமில்லை என்பதுதான் எங்கள் இறுதி முடிவு. வயலில் நின்றும் மேசன் வேலை செய்தும் பிழைக்கிற இந்தக் கலைஞர்களைக் கூப்பிட்டு, ஒரு பொன்னாடை போர்த்தி, படமெடுத்து, பஸ் காசோடு அனுப்புகிற பழக்கத்தை இந்த வளாகத்திலாவது நிறுத்த வேண்டும். வருகை விரிவுரையாளர் ஒருவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது போலவே அண்ணாவியாருக்கும் நாள் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மீதி கூத்தர் அணியும் கரப்புடுப்புக்கும், தலையில் வைக்கும் முடிகளுக்கும், சதங்கைகளுக்கும், களரி போடுவதற்கும், வெளிச்சத்துக்கும். உடுப்புகள் ஒருமுறை செய்தால் பல வருடம் பாவிக்கலாம், ஆகவே அடுத்த ஆண்டின் செலவு குறையும்.

உதவி பணமாகத்தான் வர வேண்டும் என்றில்லை. உரையாற்ற வருகிறவரை ஓர் இரவு வீட்டில் தங்க வைக்கலாம். செங்கலடி, ஏறாவூர்ப் பக்கத்தில் தையல் தெரிந்தவர்கள் உடுப்பு வேலையில் கைகொடுக்கலாம். கூத்துக் கொப்பி வீட்டிலிருந்தால் படமெடுக்கத் தாருங்கள், கொப்பி உங்களுக்கே திரும்பி வரும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிற நம்மவர்கள் ஒரு மாலை உரையின் முழுச் செலவான ரூபா 40,000ஐ தம் பிரிவு மாணவர்களோடு சேர்ந்து பொறுப்பேற்கலாம். தனியாகத் தருவதானால் ஆயிரம் ரூபாவும் எங்களுக்குப் பெறுமதியானதே. இப்போது படிக்கிற மாணவர்களிடம் காசு வாங்குவதில்லை. மகாபொல உதவித்தொகையில் சாப்பாட்டுக்கே கணக்குப் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள்.

கிடைக்கும் பணம் குழுவின் கூட்டுக் கணக்கில் இருக்கும், இருவர் கையெழுத்தின்றி எடுக்க முடியாது. வளாகத்துக்குள் நடக்கும் செலவு ஒவ்வொன்றும் மாணவர் சங்கத்தின் பெரும் பொருளாளரான விரிவுரையாளரின் கைவழியாகவே போகும். ஒவ்வொரு நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு உண்டு. மூன்று மாதத்துக்கொருமுறை வரவு செலவு எல்லா நன்கொடையாளருக்கும் அனுப்பப்படும். பெரிய தொகை தருபவரின் பெயரை மேடையில் பதாகையாகத் தொங்கவிடுவதில்லை, மலரின் ஒரு பக்கத்தில் எல்லாருடைய பெயரும் அகர வரிசையில் வரும். எந்தக் கட்சியின் பணமும் ஏற்கப்படமாட்டாது. தலைப்பையும் பேச்சாளரையும் மாணவர்களே தெரிவு செய்வார்கள், நன்கொடையாளர்களோ நாங்களோ அதில் தலையிட மாட்டோம்.

மாசி மாதத்துக்குள் முதல் 5 இலட்சம் சேர்ந்தால் அண்ணாவியாரோடு பேசிப் பங்குனியில் சட்டங்கொடுத்துவிடலாம். வைகாசி, ஆனிக்குள் அரங்கேற்றமும் முடிந்துவிடும். அதற்குப் பிந்தினால் பரீட்சை வந்துவிடும், இன்னொரு அணி மாணவர்கள் கூத்துப் பாராமலே வெளியேறிவிடுவார்கள். ஆகவே தர விரும்புகிறவர்கள் தைப்பொங்கலுக்கு முன்பாகவே உங்கள் பிரிவின் இணைப்பாளரிடம் தொகையைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். பணத்தைப் பிறகு தவணையாகவும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
மாலை உரைகளுக்கும் கூத்துக்குமான பழைய மாணவர் குழு,
வந்தாறுமூலை