செய்தியில் பெயர் மட்டும் போதாது, இணைப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களின் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, புதுக்கடைத் திறப்பு ஆகியவை தங்கள் இதழின் இணையப் பதிப்பிலும் வருகின்றன. பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கோ கடைக்கோ சொந்த இணையத்தளம் இருந்தாலும், அதற்குப் போகும் லிங்க் மட்டும் இருப்பதில்லை. பெயரைத் தொட்டால் அந்தத் தளம் திறக்கும்படி ஓர் இணைப்பைச் சேர்க்க வேண்டுகிறோம். இதன் அருமை நம் சிறு வணிகர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லேரி பேஜும் செர்கே பிரின்னும் வகுத்த பேஜ்ரேங்க் முறையில்தான் 1998-இல் கூகுள் தொடங்கியது. தேடல் முடிவுகளில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று வரிசைப்படுத்தும் முறை அது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதோடு, சுட்டுகிற பக்கங்களின் மதிப்பையும் அது கணக்கில் எடுத்தது. இன்று தரவரிசைக்கு வேறு பல காரணங்களும் சேர்ந்துவிட்டன. இருந்தாலும் வெளித்தளங்களின் இணைப்புக்கு இன்னும் இடமுண்டு. பலரும் படிக்கும் நாளிதழ் தரும் ஓர் இணைப்பு, யாரும் எட்டிப் பார்க்காத நூறு தளங்களின் இணைப்பைவிட மேல்.

‘முகநூலிலும் புலனத்திலும் (வாட்ஸ்அப்) பகிர்ந்தாயிற்றே, போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அங்கிருந்து வாடிக்கையாளர் வருவார், நல்லதுதான். ஆனால் புலனக் குழுவுக்குள் நடப்பது தேடுபொறியின் கண்ணில் படாது. முகநூலோ வெளி இணைப்புகளில் ‘நோஃபாலோ’ குறியை வைக்கிறது. 2005-இல் வந்த இந்தக் குறி, இணைப்பு தருபவர் அந்தத் தளத்தைப் பரிந்துரைக்கவில்லை என்பதைக் காட்டும்.

இந்தக் குறையைச் சாக்காக வைத்துத்தான் ‘ஆயிரம் பேக்லிங்க், ஒரே வாரத்தில் முதல் பக்கம்’ என்று விற்க வருகிறார்கள். பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பைத்தான் பேக்லிங்க் என்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த ‘பெங்குயின்’ மாற்றத்தில், இப்படிச் சேர்த்த இணைப்புகளால் எத்தனையோ தளங்கள் கீழே தள்ளப்பட்டன. 2016 செப்டம்பர் முதல் அது கூகுளின் மூல முறையிலேயே கலந்துவிட்டது. இப்போது பெரும்பாலும் அந்த இணைப்புகள் செல்லாக்காசாகிப் போகும், அவ்வளவுதான். கொடுத்த காசு போனது போனதே. நிலைமை மோசமானால் கூகுள் ஊழியர் நேரடியாகத் தண்டனை விதிப்பார். அது, தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலின் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் தெரியும். வாங்கிய இணைப்புகளை நீக்கி, நீக்க முடியாதவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கேட்கும் ‘டிஸ்அவோ’ கோப்பில் ஒப்படைத்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அப்படி எந்த அறிவிப்பும் வராத தளத்துக்கு, நச்சு இணைப்பைச் சுத்தம் செய்கிறோம் என்று காசு கேட்பவர்களையும் நம்ப வேண்டாம். தானாக வந்து ஒட்டும் குப்பை இணைப்புகளைக் கூகுளே ஒதுக்கிவிடும்.

சரி, நல்ல இணைப்பு எப்படிக் கிடைக்கும்? முதலில், பிறர் சுட்டத் தகுந்த பக்கம் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். ‘தரமான சேவை, நியாய விலை’ என்று மட்டும் எழுதிய முகப்பை யார் சுட்டுவார்? திருமணத்துக்குக் கூடாரம் வாடகைக்கு விடும் கடையை எடுத்துக்கொள்வோம். 20 அடிக்கு 20 அடி கூடாரத்தில் பத்துப் பேர் அமரும் வட்ட மேசை சுமார் நான்கு போடலாம். அப்படியானால் 200 பேர் விருந்துக்கு ஐந்து கூடாரம். பரிமாறும் மேசைக்கும் மணவறைக்கும் தனி இடம். வீட்டு வாசலில் போடும்போது லோரி நுழைய எவ்வளவு அகலம் வேண்டும், சாலையை அடைப்பதானால் அனுமதி எங்கே கேட்க வேண்டும், மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? இத்தனையும் படத்தோடு ஒரே பக்கத்தில் இருந்தால், கேட்டரிங் செய்பவரும் மண்டபக்காரரும் ஒப்பனைக் கலைஞரும் தங்கள் வாடிக்கையாளருக்கு அதையே காட்டுவார்கள். தங்கள் தளத்திலும் தயங்காமல் இணைப்பார்கள்.

அடுத்து, நம்மை ஏற்கெனவே அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும். மாவு, இயந்திரம், துணி தரும் மொத்த விற்பனையாளரின் தளத்தில் ‘எங்கே கிடைக்கும்’ என்ற பக்கம் இருக்கும்; அதில் நம் கடை இருக்கிறதா? உறுப்பினராக உள்ள வர்த்தகச் சங்கத்தின் பட்டியலில் நம் முகவரி சரியாக இருக்கிறதா? பிறகு கடைப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டுக் கூகுளில் தேடுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு முறை, ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை முறை. பெயர் இருந்து இணைப்பு இல்லாத பக்கங்கள் கிடைக்கும். அவர்களுக்கு நான்கு வரி போதும்: எந்தப் பக்கம், எந்த வாக்கியம், எந்த முகவரியைச் சேர்க்க வேண்டும், நன்றி. பொதுவாக ‘லிங்க் போடுங்கள்’ என்று எழுதினால், தேடிப் பார்க்கச் சோம்பி விட்டுவிடுவார்கள்.

தொடுவதற்கான சொல்லாகக் கடைப் பெயரே இருக்கட்டும். ‘இங்கே சொடுக்கவும்’ என்பது கூகுளுக்கு எதையும் சொல்லாது. அதற்காக எல்லாத் தளத்திலும் ‘பேராக்கின் சிறந்த கேட்டரிங்’ என்று ஒரே தொடரைப் போடச் சொன்னால், திட்டமிட்டுச் செய்தது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அவரவர் எழுதும் வாக்கியத்திலேயே விடுங்கள்.

கிடைத்த இணைப்பை இழப்பதும் அதிகம் நடக்கிறது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகள் மாறும். பழைய இணைப்பைத் தொட்டவருக்கு 404 என்ற வெற்றுப் பக்கம்தான் வரும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் சர்ச் கன்சோலின் ‘லிங்க்ஸ்’ பகுதியில், வெளியார் எந்தெந்தப் பக்கத்தைச் சுட்டுகிறார்கள் என்ற பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்ப முறையில் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பினால் கூகுள் அதைக் காணாத பக்கமாகவே கொள்ளக்கூடும். இந்தத் திருப்பம் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும். எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

தங்கள் இதழுக்கு மேலும் சில வேண்டுகோள்கள். அச்சுப் பக்கத்தைப் படமாக மட்டும் ஏற்றினால், அதில் அச்சாகியுள்ள முகவரி இணைப்பாகாது. செய்தி எழுத்தாகவே வேண்டும். தமிழ்த் தலைப்பை அப்படியே பக்க முகவரியாக்கும்போது, நகலெடுத்து ஒட்டினால் எழுத்து, கொம்பு, புள்ளி என ஒவ்வொரு குறியும் தனித்தனியே ஒன்பது எழுத்தாக விரிகிறது. ‘முறுக்கு’ என்ற ஒரு சொல்லே 72 எழுத்து! கூகுளுக்கு அது சிரமமில்லை. ஆனால் பகிரும்போது பாதியில் அறுந்து, செல்லாத முகவரியாகிவிடுகிறது. செய்தி எண்ணோ சுருக்கமான ரோமன் எழுத்தோ போதும். காசு வாங்கி வெளியிடும் விளம்பரக் கட்டுரையின் இணைப்புகளில், 2019-இல் வந்த ‘ஸ்பான்சர்டு’ குறியைத் தவறாமல் இடுங்கள். அது விளம்பரதாரரையும் இதழையும் காக்கும். நன்கொடைக்குக் கைம்மாறாகக் கோயில், பள்ளித் தளங்கள் தரும் இணைப்புக்கும் இதே குறி பொருந்தும்.

ஊர்ச் சங்கங்கள் தளப் பெயரின் (டொமைன்) ஆண்டுக் கட்டணத்தை மறக்கக் கூடாது. பெயர் காலாவதியானால், அதற்கு வந்து சேர்ந்த இணைப்புகளுக்காகவே அதை வாங்கிச் சூதாட்டப் பக்கம் ஏற்றக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு பள்ளிப் பெயரைத் தொடும் பெற்றோர் போய் நிற்பது அங்கேதான். பதிவு மின்னஞ்சல் தனி ஒருவருடையதாக இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். நிர்வாகம் மாறும் ஆண்டுக்கூட்டத்தில், கணக்குப் புத்தகத்தோடு அதன் கடவுச்சொல்லையும் புதிய செயலாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இணையத்தள அமைப்பாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.