பின்பக்கக் கீச்சுக்கு எண்ணெய் விடாதே

மன்னார்குடி
புரட்டாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் ஆம்னி வேனின் பின்பக்கச் சத்தத்தை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய், கேட்டேன். வேகத்தடையில் ஏறும்போது ஒரு கீச்சு, இறங்கும்போது ஒரு கீச்சு. போனில் சொன்னால் வண்டிக்கு அடியில் படுத்ததும் பாதி மறந்துபோகும், கிரீஸ் கையோடு போனைத் தொடவும் முடியாது. அதனால்தான் காகிதம். பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேலையை ஆரம்பி.

வாட்டர் சர்வீஸுக்கு விட்டால், "அடியில டீசல் அடிச்சு விடவா, சத்தம் நின்னுடும்" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு. சத்தம் நிற்கும், அதில் பொய்யில்லை. ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். ஆனால் டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ பட்ட ரப்பர் ஊறிப் பெருத்து, கொழகொழத்துப் பிய்ந்துவிடும். கீச்சு இருந்த இடத்தில் அப்புறம் "டொக் டொக்" வரும். கீச்சு என்றால் ரப்பர் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். டொக் என்றால் ரப்பரே இல்லை, இரும்போடு இரும்பு மோதுகிறது. கடையில் விற்கும் துரு நீக்கி ஸ்பிரேயும் பெட்ரோலியச் சரக்குதான். நட்டுக்கு அடி, புஷ்ஷில், அதாவது மூட்டுக்குள் இருக்கிற ரப்பரில், படாமல் பார்த்துக்கொள். வீட்டில் இருக்கிற எண்ணெய்களில் விளக்கெண்ணெய் ஒன்றுதான் இயற்கை ரப்பரை அவ்வளவாகக் கெடுக்காது. அந்தக் காலத்துப் பிரேக் ஆயிலே விளக்கெண்ணெயில்தான் செய்தார்கள். ஆனால் அதிலும் மண் ஒட்டிப் பிசுக்காகும். அவசரத்துக்கு மட்டும்.

உன் ஆம்னிக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பட்டைதான், அதாவது இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங், லாரிப் பட்டையின் குட்டி. ஒரு பக்கத்துக்கு ஒரு அடுக்கு. பட்டையின் முனையில் சுருட்டிய வளையத்தைக் கண் என்போம். முன்கண் பாடியில் ஒரு போல்ட்டில் நிற்கிறது. பின்கண் ஷேக்கிள் என்கிற இரட்டைத் தகட்டில் தொங்குகிறது. பாரம் ஏறினால் வளைவு நிமிர்ந்து பட்டை நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆடுகிற ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் புஷ். அடுக்கின் நடுவில் இரண்டு யூ-போல்ட், பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சிலைப் பிடித்திருக்கும். கீச்சு வர மூன்று இடம்தான்: புஷ், பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில், ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் ரப்பர்.

ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இது சஸ்பென்ஷன் (பட்டை, ஷேக்கிள், ஷாக் எல்லாம் சேர்ந்தது) சத்தம்தானா என்று பார். பின்னால் இருக்கிற சாமான், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதே வேகத்தடையில் ஒருமுறை போய் வா. பின்கதவு ரப்பரும் சீட்டுக் கீலும் இதே மாதிரி கத்தும். கதவு என்று சந்தேகம் வந்தால் ரப்பரில் முகப் பவுடர் தடவி ஓட்டிப் பார், சத்தம் நின்றால் கதவுதான். அடுத்தது, சமமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது சக்கரம் சுற்றச் சுற்ற "கிச் கிச் கிச்" என்று தாளம் போட்டு வந்து, வேகம் கூடக் கூட நெருங்கினால், பட்டையை விட்டுவிடு. அது என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கிராஸ், இல்லாவிட்டால் பிரேக் டிரம். சஸ்பென்ஷன் சக்கரம் சுற்றுவதற்குக் கத்தாது, பள்ளம் மேட்டுக்குத்தான் கத்தும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. திருத்துறைப்பூண்டி ரோட்டில் அறுப்புக் காலத்தில் வைக்கோலும் உளுந்துக் கொடியும் பரப்பி வைத்திருப்பார்கள். அதன் மேல் ஓட்டினால் வைக்கோல் புரொப்பெல்லர் ஷாஃப்டில் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொள்ளும். அதுவும் கிச் கிச்தான். குனிந்து பார்த்து, இருந்தால் கத்தியால் அறுத்து எடு. சைலன்சர் குழாய் மேல் கிடக்கிற வைக்கோலையும் விடாதே, அது சத்தத்தைவிட மோசம், தீப்பிடிக்கும்.

இனி எந்த மூட்டு என்று கண்டுபிடிப்பது. இதில் நேரம் போனாலும் பரவாயில்லை. வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். மாப்பிள்ளையைப் பின்படியில் ஏறி நின்று குதிக்கச் சொல். குதிக்கிறபோது ஷேக்கிள் பக்கம் விரலை நீட்டாதே, நசுங்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு மீட்டர் வெட்டி, ஒரு முனையைக் காதில் வை, மறு முனையை ஒவ்வொரு மூட்டாகக் காட்டு. டாக்டர் குழாய் மாதிரி வேலை செய்யும். சத்தம் எங்கே கூர்மையாக இருக்கிறதோ அங்கே தண்ணீர்ச் சோதனை. பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டு, அந்த மூட்டில் மட்டும் பீய்ச்சு. அவர் குதிக்கட்டும். சத்தம் நின்றால் அதுதான். நிற்கவில்லை என்றால் அடுத்த மூட்டு. எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் நின்றுபோகும், எது என்று தெரியாது. வேதாரண்யத்தில் உங்கள் போர் தண்ணீர் உப்பு, குடிதண்ணீரையே எடு. மழை நாளில் சத்தம் இல்லை, வெயிலில் வருகிறது என்று நீ சொன்னாய். அது காய்ந்த புஷ்ஷுக்கும் துருப்பிடித்த பட்டைக்கும் பொதுவான குணம், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

ஜாக்கி வைப்பதில் கவனம். ஆம்னியில் என்ஜின் ஓட்டுவது பின்சக்கரத்தை, ஹேண்ட்பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் கியர், ஹேண்ட்பிரேக் இரண்டுமே உதவாது, வண்டி முன்சக்கரத்தில் உருளும். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை கொடு. களிமண் தரையில் வேலை செய்யாதே. மேலே காய்ந்தது போல் இருக்கும், ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கும். சிமெண்டுத் தளமோ நெல் காயவைக்கும் களமோ பார். அதுவும் இல்லையென்றால் இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பலகையை ஜாக்கிக்கு அடியில் போடு. செங்கல் வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் உடையும். ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. தூக்குவதற்கு ஜாக்கி, தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்டு பட்டறையில் வாடகைக்குக்கூடக் கொடுப்பார்கள்.

பட்டைக்கு நடுவில் சத்தம் என்றால் வேலை சுலபம். ஸ்டாண்டைப் பாடியின் சேஸிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, கொடுத்து ஆக்சிலைத் தொங்க விடு. பாரம் போனதும் பட்டை நுனிகள் கொஞ்சம் வாய் திறக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவையும் மண்ணையும் தேய்த்து எடு. நம் வண்டல் மண் காய்ந்தால் ஓடு மாதிரி உட்கார்ந்துவிடும், உமியும் பதரும் அதில் கலந்திருக்கும். திருப்புளியை நுழைத்து வாயைத் திறந்து, ஆக்சா பிளேடில் கிராஃபைட் கிரீஸ் தடவி உள்ளே இழு. 100 கிராம் டப்பா இரண்டு பக்கத்துக்கும் போதும். சாதாரண கிரீஸ் வேண்டாம். அது மண்ணைப் பிடித்து அரைக்கிற பசையாகிவிடும். புஷ்ஷுக்கு அருகில் போகும்போது ஒரு துணியைச் சுற்றிவிடு. நுனியில் பிளாஸ்டிக் பேட் இருந்து தேய்ந்திருந்தால் மாற்று. பட்டையைத் துடைத்த கையோடு குறுக்கே துருக்கோடு ஓடுகிறதா என்று பார். ஓடினால் விரிசல். அதை வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதே. ஸ்பிரிங் இரும்பு வெல்டு சூட்டில் மொறுமொறுத்துப் பக்கத்திலேயே ஒடியும். புதுப் பட்டை, அதுவும் இரண்டு பக்கமும்.

இனி புஷ். எனக்கென்னவோ உன் சத்தம் ஷேக்கிள் புஷ்தான் என்று தோன்றுகிறது. உப்புக் காற்றில் அங்கே நட்டு இறுகியிருக்கும், அதனால் முதல் நாள் சாயங்காலமே கம்பி பிரஷ் போட்டு மரையில் துரு நீக்கியை அடித்து வை. ரிங் ஸ்பேனர் 12-இலிருந்து 19 வரை இருக்கட்டும், வாய் ஸ்பேனர் நட்டின் முனையைத் தின்றுவிடும். உப்புத்தாள், சோப்புத் தண்ணீர், புது நைலாக் நட்டுகள் (உள்ளே நைலான் வளையம் வைத்தவை) ஆகியவையும் வேண்டும். கழற்றிய நைலாக்கைத் திரும்பப் போடாதே, அதன் பிடி போயிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் முழுசாக இருந்தால் ஆக்சில் இடம் மாறாமல் நிற்கும். சேஸிஸுக்கு ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் ஆக்சில் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும், அப்போது பிரேக் ரப்பர் ஹோஸ் இழுபடாமல் கவனி. ஆக்சிலை ஹோஸில் தொங்கவிட்டால் இந்த வேலை பிரேக் வேலையாக மாறிவிடும். ஜாக்கியை இரண்டு இரண்டு மில்லிமீட்டராக ஏற்றி இறக்கிப் பார், ஷேக்கிள் போல்ட் கையால் ஆடுகிற ஓர் உயரம் கிடைக்கும். அங்கே நிறுத்தி நட்டைக் கழற்று, வெளித்தகட்டை நெம்பி எடு. புஷ் இரண்டு அரைகளாக இருக்கும், கண்ணுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் செருகியது. மேல் மூட்டில் இரண்டு, கீழ் மூட்டில் இரண்டு என்பது வழக்கம். எண்ணிக்கொண்டு, பழையதைக் கையில் எடுத்துப்போய் கடையில் பொருத்திப் பார்த்து வாங்கு. பாலியூரித்தேன் புஷ் காட்டினால் ஆசைப்படாதே. நாள்பட உழைக்கும், ஆனால் கிரீஸ் குறைந்தால் ரப்பரைவிட அதிகமாகக் கத்தும்.

கண்ணின் உள்பக்கத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கு. ஷேக்கிள் கம்பியை நகத்தால் வருடு. படி தட்டினால் கம்பி தேய்ந்துவிட்டது, புது புஷ் போட்டாலும் மூன்று மாதத்தில் பழைய கதைதான். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் புது அரைகளைக் கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போகும். விளிம்பு மடங்கியிருக்கக் கூடாது. முன்கண் புஷ் வேறு வகை, இரும்புக் குழலோடு வரும். அதை அழுத்தி இறக்க வைஸ் வேண்டும். அது கெட்டிருந்தால் பட்டையோடு கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்துவிடு. அங்கே நெருப்பு வைத்து ரப்பரை எரிக்க விடாதே. பட்டைக் கண்ணின் பதம் போய்விடும். வண்டியில் வைத்தே எரிக்கிறேன் என்றால் கிளம்பி வந்துவிடு, பெட்ரோல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

இப்போது சொல்லப்போவதை எத்தனையோ பட்டறைக்காரர்களும் விட்டுவிடுகிறார்கள். நட்டை வண்டி தொங்கும்போது முறுக்கி முடிக்காதே. ரப்பர் புஷ் பேரிங் மாதிரி வழுக்கிச் சுற்றுவதில்லை. இரு பக்கமும் இறுக்கிப் பிடித்திருக்க, நடுவில் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கிறது. தொங்கும்போது இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலையே அதன் ஓய்வு நிலை ஆகிவிடும். கீழே இறக்கியதும் நின்ற இடத்திலேயே முறுகிக் கிடக்கும், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுகும், சீக்கிரம் கிழியும். அதனால் நட்டைக் கையளவு மட்டும் ஏற்று. ஷாக் போல்ட்டை மாட்டு. பிறகு ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் மாற்றிக்கொடு. அப்போது வண்டியின் பாரம் பட்டை மேல் உட்காரும், தரையில் நிற்பதற்குச் சமம், நீ படுக்க இடமும் கிடைக்கும். படுப்பதற்கு முன் பாடியைப் பக்கத்திலிருந்து கையால் நாலைந்து தடவை அழுத்தி விடு, புஷ் தன் இடத்தில் உட்காரட்டும். அதன்பின் இறுக்கு. முறுக்கு அளவு மேனுவலில் இருக்கிறது. முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் அளவாக இறுக்கி, மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிப்போய் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துக்கொள்.

ஷாக் அப்சார்பருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் மாற்று. பின்பக்கத்தை அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும், ஊஞ்சல் ஆடக் கூடாது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அடியில் இருக்கும்போதே யூ-போல்ட் நட்டு நாலையும் குறுக்கும் நெடுக்குமாக, ஒரேயடியாக இல்லாமல் இரண்டு மூன்று சுற்றில் இறுக்கிப் பார். பட்டையின் முன்கண் போல்ட்டிலிருந்து ஆக்சில் வரை இரண்டு பக்கமும் டேப்பால் அள. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் பட்டையின் நடு போல்ட் ஒடிந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. அப்படியானால் வண்டியை எடுக்காதே, எனக்குப் போன் பண்ணு.

500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிட்டால் நல்லது, நனைந்த தரையில் ஜாக்கி வைப்பது பெரும்பாடு. உப்பளத்து ரோட்டில் போய்வந்த நாளில் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவு. மாமனார் நெல் ஏற்றச் சொன்னால் கணக்குப் பண்ணிக்கொள். சிப்பம் 40 கிலோ, பத்து ஏற்றினால் 400. எல்லாவற்றையும் பின்கதவோரம் அடுக்காமல் நடுவில் தள்ளி வை. பாரம் ஏற்றும்போது மட்டும் "தொப்" என்று கேட்டால் பட்டை தொய்ந்து பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பில் இடிக்கிறது, அதற்குப் புஷ் மருந்தில்லை.

பழைய புஷ்களைத் தூக்கிப் போடாதே. இடது, வலது என்று காகிதத்தில் எழுதித் தனித்தனியாகக் கட்டி வை. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. விளிம்பு ஒரே பக்கம் தின்றிருந்தால் ஷேக்கிள் கோணல், இங்கே வைத்துப் பார்த்துவிடலாம்.

அப்பா