ஒக்டோபரில் சும்மா வாசிக்கவும் நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேசிய வாசிப்பு மாதத்தையொட்டி மட்டக்களப்புப் பாடசாலைகளில் நடந்த நிகழ்வுகள் பற்றிய செய்திகளைக் கட்டாரிலிருந்து படித்தேன். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, வினாவிடை, சான்றிதழ் வழங்கல். பிள்ளைகள் ஓரிடத்தில் அமர்ந்து தமக்குப் பிடித்த புத்தகத்தை வாசித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மனது கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிகுடிக்காரன். சிறுவயதில் கதைப்புத்தகம் கையில் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். பிறகு தரம் 5 புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம். "சோதனை முடியட்டும், அப்புறம் வாசிக்கலாம்" என்று வீட்டில் வாங்கி வைத்த புத்தகங்கள் அலுமாரியிலேயே இருந்துவிட்டன. வாசிப்பதென்றால் கேள்விக்கு விடை தேடுவது என்றாகிவிட்டது.

டோஹாவின் வெயில்தான் என்னை மீண்டும் வாசிக்க வைத்தது. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்க இங்கே சட்டம் இடம் கொடுப்பதில்லை. அறையில் அடுக்குக் கட்டில்கள், இரைகிற ஏசி, வராத தூக்கம். கைத்தொலைபேசியில் வீடியோ பார்த்துச் சலித்துப்போன ஒரு மத்தியானம், 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' தளத்துக்குள் நுழைந்தேன். பழைய சஞ்சிகைகள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றில் ஏதோ ஒரு வாசிகசாலையின் முத்திரை மங்கிக் கிடந்தது; ஓரத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். யார் பெற்ற பிள்ளையோ, அந்த வரி எனக்கும் பிடித்திருந்தது.

1975 இல் மறைந்த பெரியநீலாவணை ஊர்க் கவிஞர் நீலாவணனை நான் ஆறுதலாக வாசித்ததும் இங்கேதான். எங்கள் பக்கத்து வயல் வாழ்வைக் காவியமாகவே பாடியிருக்கிறார். பக்கத்துக் கட்டில் அக்கரைப்பற்று நானா, "தம்பி, சத்தமாகப் படியுங்க" என்றார். நாலு பாட்டு முடியுமுன் எழுந்து உட்கார்ந்து, வாப்பாவோடு வயல் வட்டைக்குள் காவலிருந்த இரவுகளைச் சொல்லத் தொடங்கிவிட்டார். அன்று முதல் மத்தியானங்களில் நான் வாசிப்பேன், அவர் கேட்பார். எங்களுக்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

இந்தச் சுகம் கடல் கடந்து போனபின்தான் கிடைக்கவேண்டுமா? வருகிற ஒக்டோபரில் போட்டிகளைக் குறைத்து, நாளுக்கு ஒரு பாடவேளையை வெறும் வாசிப்புக்கென்று ஒதுக்கும்படி அதிபர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எதை வாசிப்பதென்று பிள்ளையே தெரிவு செய்யட்டும். முடிவில் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். நூலக அலுமாரியின் திறப்பு அதிபரின் மேசைக்குள் இல்லாமல் வகுப்பாசிரியரின் கையில் இருக்கட்டும். பிரதேச சபை நூலகங்களும் தனியார் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம்வரை திறந்திருந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடி வாசகன்,
டோஹா, கட்டார்.