எஸ்கோபாருக்காக இன்றும் அழுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூலை 2 வந்தால் எங்கள் கால்பந்து நண்பர்கள் கொலம்பிய அணியின் தடுப்பாட்டக்காரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை நினைக்காமல் இருப்பதில்லை. 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராக, குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டிப் பாய்ந்தார். அது சேம்சைடு கோலாகிவிட்டது. கொலம்பியா 2–1 எனத் தோற்றது. பத்தே நாளில் மெடலின் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. 'வாழ்க்கை இதோடு முடிந்துவிடுவதில்லை' என்று பத்திரிகையில் எழுதியிருந்த மனிதர்! இறுதி ஊர்வலத்தில் லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதில் என்ன துக்கம் என்று கேட்கிறார்கள். தடுப்பாட்டக்காரனின் வேலை எவ்வளவு கொடியது என்பது ஆடியவனுக்குத்தான் தெரியும். இங்கே கபடியில் கடைசி ரெய்டில் பிடிபட்ட பையனை, அவன் தாயையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது. திருவிழாப் போட்டி நடத்தும் கமிட்டிகள், தோற்ற அணியைப் பத்திரமாக ஊர் அனுப்பும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். 'தோல்விக்குக் காரணம் இவர்தான்' என்று ஒற்றை வீரரின் படத்தைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒருபோதும் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

– கால்பந்து ரசிகர், செல்லூர், மதுரை