பழைய பேஸ்பால் போட்டோவா? முதல்ல பின்பக்கத்த திருப்பிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல, அமெரிக்காவுல பழைய பேஸ்பால் போட்டோ எல்லாம் ஏலத்துல என்ன விலைக்குப் போகுதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. ஆசையா படிச்சேன். ஆனா 'ஒரிஜினல்' 'ஒரிஜினல்'னு நாலஞ்சு எடத்துல போட்டாங்களே தவிர அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு எடத்துலயும் சொல்லல. நான் நியூஜெர்சியில இருக்கேன், பத்து வருஷமா இந்த போட்டோக்கள சேத்துட்டு வர்றேன், அதனால எழுதாம இருக்க முடியல.

படம் எப்ப எடுத்ததுங்கறது வேற, கையில இருக்கற பிரின்ட் எப்ப போட்டதுங்கறது வேற. பேஸ்பால் வீரர் டை காப் மூணாவது பேஸுக்கு மண்ணு பறக்க சறுக்கிட்டு வர்ற படத்த போட்டோகிராபர் சார்லஸ் கான்லன் 1910ல கண்ணாடி நெகட்டிவ்ல எடுத்தாரு, நெகட்டிவ் பத்திரமா இருந்தா அதுலேந்து எத்தன வருஷம் கழிச்சும் பிரின்ட் போடலாம் இல்லையா, அதனாலதான் இங்க சேக்கறவங்க நாலா பிரிக்கறாங்க. ஒரிஜினல் நெகட்டிவ்லேந்து, படம் எடுத்து சுமார் 2 வருஷத்துக்குள்ள போட்டா டைப் 1. அதே நெகட்டிவ், ஆனா பிற்பாடு போட்டா டைப் 2. காப்பி நெகட்டிவ்லேந்தோ (பிரின்ட்ட திரும்ப போட்டோ எடுத்து உண்டாக்கற நெகட்டிவ்), வயர்லயோ (கம்பி வழியா) வந்து அந்தக் காலத்துலயே போட்டது டைப் 3, அதுவே லேட்டா போட்டிருந்தா டைப் 4. விலை டைப் 1க்கும் 4க்கும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கும்.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு பழைய சாமான் சந்தையில பேஸ்பால் வீரர் பேப் ரூத்தோட போட்டோ ஒண்ணு, 1927ல போட்ட பிரின்ட்டுன்னு அடிச்சு சொன்னாரு விக்கறவரு, 180 டாலர் குடுத்து வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமா திருப்பிப் பாத்தா பின்னாடி ஊதா மையில யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல்னு முத்திரை. அந்த செய்தி நிறுவனம் அந்தப் பேர்ல வந்ததே 1958லதான், யுனைடெட் பிரஸ்ஸும் இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸும் ஒண்ணா சேந்தப்ப. அப்பறம் எப்படி 1927 பிரின்ட்டா இருக்கும்? முத்திரையில இருக்கற அட்ரஸ்ல 5 இலக்க ஜிப் கோடு (நம்ம ஊர் பின்கோடு மாதிரி) இருந்தாலும் இதே கதைதான், ஜிப் கோடு வந்ததே 1963ல.

இன்னொண்ணு, பிளாக் லைட், அதாவது அல்ட்ரா வயலட் லைட். 1950கள் நடுவுலேந்துதான் போட்டோ பேப்பர்ல வெளுப்பு காட்டற கெமிக்கல் சேக்க ஆரம்பிச்சாங்க. இருட்டு ரூம்ல லைட்ட அடிச்சா அந்த பேப்பர் நீலமும் வெள்ளையுமா பளீர்னு தெரியும். என்னோடது அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா ஒளிரலன்னா உடனே பழசுன்னு முடிவு பண்ணிடக் கூடாது, அந்த கெமிக்கல் இல்லாத பேப்பரும் பிற்பாடு இருந்துச்சு.

வயர் போட்டோ பத்தியும் சொல்லணும். அசோசியேட்டட் பிரஸ்ங்கற செய்தி நிறுவனம் 1935 ஜனவரி 1லேந்து படங்கள கம்பி வழியா அனுப்ப ஆரம்பிச்சாங்க. உத்துப் பாத்தா மெல்லிசா கோடு கோடா இருக்கும், தலைப்பு வரியும் படத்தோடயே சேந்து பிரின்ட் ஆகியிருக்கும். அத போலின்னு ஒதுக்கறது தப்புங்க. மேட்ச் நடந்த அன்னிக்கே ஏதோ ஒரு ஊர் பேப்பர் ஆபீஸ் மேசையில கெடந்த பிரின்ட் அது.

எனக்கு வயிறு எரியற விஷயம் என்னன்னா, விக்கறவங்க சில பேர் சுத்தமா இருந்தா நல்ல விலை போகும்னு பின்னாடி ஒட்டியிருக்கற கேப்ஷன் சீட்ட தண்ணி தொட்டு உரிச்சு எடுத்துடறாங்க, எடிட்டர் கிராப் பண்ண போட்ட செவப்பு பென்சில் கோட்ட அழிச்சுடறாங்க. தேதியும் ஏஜென்சி பேரும் அதோட போச்சு, அப்பறம் எந்த நிபுணர் வந்து என்ன சொல்ல முடியும்?

ஒரு வேண்டுகோள். இனிமே இப்படி கட்டுரை போட்டா படத்தோட பின்பக்கத்தையும் ஒரு ஓரமா அச்சடிங்க. உங்க ஆபீஸ்லயும் பழைய ஸ்போர்ட்ஸ் போட்டோ பெட்டி பெட்டியா இருக்கும், ஸ்கேன் பண்றப்ப ரெண்டு பக்கமும் பண்ணச் சொல்லுங்க.

இப்படிக்கு,
நியூஜெர்சி வாசகர்